மதுரையின் கடற்கரை

(மதுரையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சோழனுக்குப் புலி, சேரனுக்கு வில், பாண்டியனுக்கு மீன். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததோடு அதை விட்டுவிட்டோம். கடலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, புழுதியும் பனையும் கண்மாயும் சூழ்ந்த ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஓர் அரச குடும்பம் எதற்காக மீனைக் கொடியில் ஏற்றியது என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை. வைகையை மட்டும் நம்பி எவரும் மீனைச் சின்னமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். கயல் நன்னீர் மீன்தானே என்று இங்கே யாராவது எழுந்து நிற்கலாம். சரிதான். ஆனால் அந்தக் கயலைப் பொறித்துக்கொண்டவர்களின் கருவூலம் நிறைந்தது முத்தாலும் சங்காலும். இரண்டும் கண்மாயில் விளைவதில்லை.

மதுரைக்கு ஒரு கடற்கரை இருந்தது. இன்றும் இருக்கிறது. நாம்தான் போவதில்லை. போகிறவர்களும் ராமேஸ்வரத்துக்குப் போய் அக்னி தீர்த்தத்தில் தலை முழுகி, இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, தனுஷ்கோடியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பயணத்தில் ராமநாதபுரம் தாண்டி வலமும் இடமும் தென்னந்தோப்புகள் ஓடும்போது, இடப்பக்கம் ஒரு சிற்றூர் பின்தங்கிப் போகிறது. அதன் பெயர் அழகன்குளம். ராமநாதபுரத்திலிருந்து 15 கி.மீ. அளவில், வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகில் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் போகும் வழி. மதுரையிலிருந்து கிளம்பினால் நெடுஞ்சாலையும் வைகையும் ஏறக்குறையத் துணைக்குத் துணையாகவே போகின்றன. சிலைமான் தாண்டியதும் அகழாய்வால் அறியப்பட்ட கீழடிக்கு வழி பிரிகிறது. அப்புறம் திருப்புவனம், அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி, பானைக்கும் கடத்துக்கும் பேர்போன மானாமதுரை, தறிச்சத்தம் கேட்கும் பரமக்குடி. ஊருக்கொரு கைத்தொழில். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கும் அதே ஆண்டில்தான் கிடைத்தது. இந்தச் சாலையில் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். மதுரையில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறு, போகப் போகக் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து கண்மாய்களுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் மிஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நிற்கும். அதுவும் நிரம்பி வழிந்தால்தான் கடலுக்கு.

இதற்கு நம் முன்னோர் ஒரு பழைய பாட்டில் காரணம் சொன்னார்கள். சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்தது கடல். அந்தப் பாவியின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று வைகை கடலில் கலப்பதே இல்லையாம். அழகான கற்பனை. மதுரைக்காரர்களுக்குக் கடலோடு பேச்சுவார்த்தை இல்லை என்ற எண்ணத்தை நமக்குள் ஊன்றியதில் அந்தப் பாட்டுக்கும் பங்கு உண்டென்று நினைக்கிறேன். பாட்டு என்னவோ சொல்லிவிட்டுப் போகட்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வைகைத் தண்ணீர் ஆற்றங்கரை முகத்துவாரத்தில் போய் விழத்தான் செய்கிறது.

அந்த முகத்துவாரத்தில் மண்ணைத் தோண்டியபோதுதான் நம் எண்ணம் கலைந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1986இல் அழகன்குளத்தில் அகழாய்வைத் தொடங்கியது. விட்டுவிட்டுப் பல பருவங்கள் நடந்து, 2016-17இலும் தோண்டினார்கள். ஊர்க்காரர்கள் கோட்டைமேடு என்று சொல்லும் மேட்டில்தான் குழிகள். வடநாட்டுக் கறுப்பு மெருகு மட்கலத் துண்டுகள், கறுப்பு-சிவப்புப் பானைகள், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா சாடித் துண்டுகள், மணிகள், சங்கு வளையல் துண்டுகள், ரோமானியக் காசுகள் எல்லாம் கிடைத்தன. காலக்கணிப்பு கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரை போகிறது. மேல் எல்லையோ, அங்கே கிடைத்த காசுகளில் உள்ள ரோமானியப் பேரரசர்கள் வாலன்டினியன், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் காலம். அதாவது கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசியும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். ஒரு சின்ன மீன்பிடி ஊரின் மண்ணுக்குள் எழுநூறு எண்ணூறு வருஷம் படுத்திருக்கிறது.

இந்தக் காசுகளை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். அவற்றின் சகோதரங்கள் மதுரையிலேயே கிடைத்திருக்கின்றன. நம் வைகை ஆற்று மணலில் பல காலமாகச் சின்னச் சின்னச் செப்புக் காசுகள் அகப்பட்டு வந்திருக்கின்றன. 1904இல் ராபர்ட் சூவெல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைத் தொகுத்து எழுதியபோது, மதுரையில் ரோமானியர் குடியிருந்திருக்கலாம் என்றே ஊகித்தார். பின்னால் நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். 1994இல் வெளியானது. பொற்காசு என்றால் யாரோ பெருவணிகன் பெட்டியில் கொண்டுவந்தான் என்று சொல்லிவிடலாம். செப்புக்காசு அப்படியில்லை. ஓரம் தேய்ந்து, முகம் மழுங்கி, கைமாறிக் கைமாறி வந்த சில்லறை அது. சூவெல் சொன்ன ரோமானியக் குடியிருப்பு இருந்ததோ இல்லையோ, அதே சில்லறை ஆற்றின் முகத்துவாரத்திலும் புழங்கியது, ஆற்றின் நடுவில் இருந்த தலைநகரிலும் புழங்கியது. ஒரே பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள் ஒரே சந்தையின் ஆட்கள்தானே.

இனி நக்கீரரிடம் வருகிறேன்.

மதுரையில் நக்கீரரைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் நமக்குத் தெரிந்த நக்கீரர் 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் நக்கீரர். இயக்குநர் ஏ.பி. நாகராஜனே அந்த வேஷத்தில் நின்று சிவாஜியோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பொற்றாமரைக் குளத்தைப் பார்த்தால் நெற்றிக்கண் நினைவுக்கு வரும். சங்கப் பாடல்களில் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று இருக்கிறாரே, அவரைப் படித்தவர்கள் குறைவு. அவர் பெயரில் நற்றிணையில் 258ஆம் பாட்டு இருக்கிறது. அதில் ஒரு கடற்கரை ஊர் வருகிறது. பெயர் மருங்கூர்ப்பட்டினம். அகநானூற்றின் 227ஆம் பாட்டிலும் அதே ஊர் வருகிறது, அதுவும் நக்கீரர்தான். இந்த மருங்கூர்ப்பட்டினம் அழகன்குளமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள்.

நற்றிணைப் பாட்டில் என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. காக்கை ஒன்று. வீட்டில் வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, சந்தைப் பக்கம் போய்ப் பச்சை இறாலைக் கவ்விக்கொண்டு, நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருக்கும் கப்பலின் பாய்மரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான். ஒரு துறைமுகத்தின் முழு வாழ்க்கையையும் இதைவிடச் சுருக்கமாக எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். வீட்டில் சோறு மிஞ்சுகிறது, சந்தையில் இறால் குவிகிறது, கடலில் கப்பல் நிற்கிறது. மூன்றையும் ஒரு காக்கை இணைத்துவிட்டது. இன்னொன்றும் கவனியுங்கள். கப்பலில் ஏற்றியது என்ன, இறக்கியது என்ன, எந்த நாட்டுக் கப்பல் என்று நக்கீரர் சொல்லவே இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்குக் கப்பல் என்பது காக்கை உட்காரும் இடம். தினமும் பார்க்கிற பொருளை அப்படித்தான் பார்ப்பார்கள்.

அதே நக்கீரர் பெயரில் புறநானூற்றில் 56ஆம் பாட்டு. பாண்டியன் நன்மாறனைப் பாடுகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொன் கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர, நாள்தோறும் மகிழ்ந்திரு என்கிறார். மதுரை அரண்மனையில் அந்த மது. அழகன்குளத்து மண்ணில் அந்த மது வந்த மாதிரியான சாடியின் உடைசல். கலம் துறையில் உடைந்தது, மது ஊருக்குள் வந்துவிட்டது.

கதையில் வரும் நக்கீரரிடமும் ஒரு கடல்வாசனை உண்டு. சிவன் அவரைச் சங்கறுக்கும் குலத்தவன் என்று ஏளனம் செய்ய, ஆமாம் எங்கள் குலம் சங்கறுத்துப் பிழைக்கிறது, உமக்கு ஏது குலம், நாங்கள் உம்மைப்போல் இரந்து பிழைப்பதில்லை என்று அவர் திருப்பிக் கொடுத்ததாக வழிவழியாகச் சொல்லி வருகிறோம். மதுரையில் சங்கு அறுப்பவர்களா? மதுரைக்காஞ்சியைப் புரட்டிப் பாருங்கள். மாங்குடி மருதனார் மதுரைக் கடைத்தெருவை வரிசையாகக் காட்டிக்கொண்டு போகையில் சங்கை அறுத்து வளையல் கடைகிறவர்கள் வருகிறார்கள், மணிக்குத் துளை போடுகிறவர்கள் வருகிறார்கள். சங்கு எங்கிருந்து வந்திருக்கும்? கிழக்குக் கடலிலிருந்துதான். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் சங்கு குளிப்பது காலங்காலமாக நடந்து வந்த தொழில். இந்தக் கடலின் சங்கு வங்காளத்துக்கு வளையலாகப் போன கதையை ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் ஒரு நூலாகவே எழுதினார். அழகன்குளத்தில் சங்கு வளையல், கீழடியிலும் சங்கு வளையல், மதுரைத் தெருவில் சங்கு கடைபவர், மதுரைப் புலவருக்குச் சங்கறுக்கும் குலம். இந்தக் கடைசிச் செய்தி பிற்காலக் கதை, ஆதாரமாகாது. எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதால் சொன்னேன், மன்னிக்கவும்.

அழகன்குளம் என்றாலே ஒரு பானை ஓட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். அதில் ஒரு கப்பல் கீறப்பட்டிருக்கிறது. ரோமானியக் கடல் வணிகத்தை ஆராய்ந்த லயனல் கேசன், ரோமானியர் இந்திய வணிகத்துக்குப் பயன்படுத்திய பெரிய வகைக் கப்பல் அது என்று கருத்துச் சொன்னார். பிரெஞ்சு ஆய்வாளர் ஆந்த்ரே செர்னியா 1998இல் அந்தக் கீறலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். உலக அறிஞர்கள் நம் ராமநாதபுரத்து ஓட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் பெருமையாகத்தான் இருக்கிறது. தொல்லியல் துறை 2005இல் வெளியிட்ட நூலும் அழகன்குளத்தை ரோமானியத் துறைமுக நகரம் என்றே தலைப்பில் சொன்னது.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். அந்த ஊர் பாண்டியரின் ஊர். அங்கே பானை செய்தவர், சங்கு அறுத்தவர், இறால் விற்றவர், ஓட்டில் தன் பெயரைக் கீறியவர் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். விருந்தாளியின் பெயரையா வீட்டு வாசலில் எழுதி மாட்டுவது?

கப்பல் படத்தையே எடுத்துக்கொள்வோம். பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீட்டருக்கும் குறைவு. தெற்கே ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் மணல்திட்டும் பாறையும். மேற்கேயிருந்து வரும் பெரிய கப்பல் அதைக் கடந்து நேரே இங்கே வர முடியாது. இலங்கையைச் சுற்றி வர வேண்டும், அல்லது சரக்கைச் சிறிய தோணிகளுக்கு மாற்ற வேண்டும். அப்படியென்றால் அந்தப் பெரிய கப்பலைக் கீறியவன் அதை எங்கே பார்த்தான்? இங்கேயே பார்த்திருக்கலாம். வேறு துறையில் வேலை செய்துவிட்டு வந்து, ஊரில் உட்கார்ந்து, இவ்வளவு பெரிசு இருந்தது என்று பக்கத்திலிருப்பவனுக்கு வரைந்தும் காட்டியிருக்கலாம். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற நம் பையன்கள் கைப்பேசியில் அங்குள்ள கட்டடங்களைக் காட்டுவதில்லையா? எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடிக்கிறது. அது ரோமானியன் வந்ததைக் காட்டிலும் நம்மவன் போனதைச் சொல்கிறது.

நம்மவர்கள் போனார்கள் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை, செங்கடல் வரை போனால் போதும். எகிப்தில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கண்டெடுத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் இருக்கின்றன. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெரனிகே என்ற இன்னொரு துறைமுகத்தில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. கிழக்கே தாய்லாந்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் பொன் உரைத்துப் பார்க்கும் கல் ஒன்று கிடைத்தது. பெரும்பதன் கல் என்று அதன் உடைமையாளர் பெயரோடு எழுதியிருக்கிறது. யாரோ ஒரு தட்டார் தன் உரைகல் தொலைந்துவிடக் கூடாது என்று பெயர் எழுதியிருக்கிறார். தொலைந்துவிட்டது. நமக்குக் கிடைத்தது.

ரௌலட்டட் மட்கலம் என்று ஒன்று உண்டு. உட்புறம் நடுவில் நுண்ணிய புள்ளிகள் வட்டம் வட்டமாக ஓடும் மெல்லிய தட்டு. 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அதை மத்தியதரைக் கடல் நாட்டுச் சரக்கு என்று நினைத்தார். அதிலிருந்து, அந்தத் தட்டு கிடைத்த இடமெல்லாம் ரோமானியர் வந்த இடம் என்று ஆகிவிட்டது. பிற்கால மண் ஆய்வுகள் அதைக் கங்கை முகத்துவாரப் பகுதியோடு சேர்த்துப் பார்க்கின்றன. அழகன்குளத்தில் அந்தத் தட்டும் கிடைக்கிறது. நாம் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தோம், கப்பல்கள் வடக்கேயும் போய் வந்துகொண்டிருந்தன. எதிர்க்கரையான இலங்கையைச் சொல்லவே வேண்டாம். மதுரைப் பாண்டியன் மகளை இலங்கை மன்னன் விஜயனுக்குப் பெண் கேட்டு வந்து, அவளும் பதினெட்டு வகைத் தொழிலாளர் குடும்பங்களும் கப்பலேறி மாதோட்டத்தில் இறங்கியதாக மகாவம்சம் சொல்கிறது. அது கதை. ஆனால் அந்தக் கதையை எழுதியவருக்கு மதுரை என்றால் கப்பலேறி வருகிற ஊர் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள்.

சிலப்பதிகாரத்திலும் இப்படித்தான். ஊர்காண் காதையில் கூடல் நகருக்குள் கொண்டல் காற்று வருகிறது. தொண்டித் துறையில் கப்பல்களில் வந்திறங்கிய அகிலின் மணமும் சந்தனத்தின் மணமும் கற்பூரத்தின் மணமும் அதில் கலந்து வருகின்றன. மதுரைக்குள் கடலின் வாசனை வீசியதாக எழுதியவர் இளங்கோவடிகள். நாம் மல்லிகை வாசனையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நடுவில் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி இன்னொரு பயணியையும் சொல்லிவிடுகிறேன். 1344ஐ ஒட்டி இபன் பதூதா இந்தக் கரையில் இறங்கினார். அப்போது மதுரையை ஆண்டவர் சுல்தான் கியாசுதீன். இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள், நம் கணக்கில் சகலைகள். சகலை என்ற முறையில் நல்ல வரவேற்பு கிடைத்தது. ஆனாலும் சுல்தான் செய்த கொடுமைகளைப் பதூதா மறைக்காமல் எழுதிவைத்தார். கடலோரத்தில் பட்டணம் என்ற அழகிய நகரம், துறையில் பெரிய மரத்தூண்கள் மேல் கட்டிய மண்டபம் என்று வருணிக்கிறார். அது மன்னார் வளைகுடாப் பக்கம் உள்ள பெரியபட்டினம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பதூதா அங்கிருந்து மதுரைக்கு வந்தபோது ஊரில் கொள்ளை நோய். வாங்கிய அடிமைப்பெண் மறுநாளே இறந்துபோனாள் என்று எழுதுகிறார். பிறகு மறுபடியும் கடற்கரைக்கே போய்விட்டார். மதுரைக்கு வருவதற்கும் தப்பிப்பதற்கும் வழி ஒன்றுதான், கடல்.

சரி, போனால் என்ன பார்க்கலாம்? உள்ளதைச் சொல்கிறேன். அழகன்குளத்தில் இறங்கினால் முதல் பார்வையில் ஒன்றுமே இல்லை. கோபுரம் இல்லை, கோட்டை இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. பள்ளிவாசல், தென்னந்தோப்பு, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும்பிய மாடி வீடுகள், அவற்றுக்கு நடுவே பழைய ஓட்டு வீடுகள், ஆடுகள். கோட்டைமேடு எங்கே என்று கேட்டால் இதுதான் என்று நீங்கள் நின்றுகொண்டிருக்கும் இடத்தையே காட்டுவார்கள். குழிகளை மூடிவிட்டார்கள். ஒரு பழைய துறைமுகத்தின் மேல் ஊர் குடியிருக்கிறது. கடல் இப்போது இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையிலும் இதே கதைதான். ஆறு கொண்டுவந்து கொட்டும் மண் துறைமுகத்தையே பின்னுக்குத் தள்ளிவிடும்.

அங்கே பார்ப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் நல்லது. மண் கரைந்து ஓட்டுத் துண்டுகள் வெளியே தெரியும். கறுப்பும் சிவப்புமாக இரண்டு நிறம் ஒரே ஓட்டில் இருந்தால் குனிந்து பாருங்கள். பாருங்கள் என்றுதான் சொன்னேன், எடுத்துப் பையில் போடுங்கள் என்று சொல்லவில்லை. எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் ஓடு. மேசைமேல் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவதற்காக ஓர் ஊரின் ஆண்டுக்கணக்கைக் கலைக்க வேண்டாம். ஊர்ப் பிள்ளைகள் பாசிமணி பொறுக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். விலை கேட்டுப் பழக்கிவிடாதீர்கள்.

பிறகு ஆற்றங்கரைக்குப் போங்கள். அங்கே வைகை முடிகிறது. கள்ளழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் பாலத்தில் நெருக்கியடித்து நின்றவர்கள் யாராவது இந்த முடிவைப் பார்த்திருக்கிறீர்களா? உவர் மண்ணும் நாணலும் கழியுமாக, இதுதானா என்று கேட்கத் தோன்றும். கடல் அமைதியாக இருக்கும். இந்தப் பக்கத்துக் கடலைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பது ஆண் கடல், அலை அதிகம். வாடைக்காற்றில் இந்தப் பெண் கடலும் கோபப்படும் என்று அங்குள்ளவர்கள் எச்சரிப்பார்கள். வத்தைகளும் நாட்டுப்படகுகளும் கரையில் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் போனால் நாட்டுப்படகுக்காரர்களின் நண்டையும் இறாலையும் நல்ல விலைக்கு ஏலம் போடுவதைப் பார்க்கலாம். காக்கைகளும் வரும். நக்கீரரின் காக்கைக்குப் பாய்மரம் கிடைத்தது, இவற்றுக்கு விசைப்படகின் ஆன்டெனா.

மீனவர்களிடம் பேசும்போது ரோமானியர், யவனர் என்று ஆரம்பிக்காதீர்கள். இன்று காற்று எப்படி, என்ன பட்டது என்று கேளுங்கள். கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு காற்றும் பழைய கப்பல்களின் கால அட்டவணை. எந்த மாதத்தில் எந்தத் திசைக்குப் பாய் விரிக்கலாம் என்பது இரண்டாயிரம் ஆண்டுகளில் மாறவில்லை. பருவக்காற்றுக்குக் கிரேக்கர்கள் ஹிப்பாலஸ் என்ற ஒரு மாலுமியின் பெயரை வைத்துக் கொண்டாடினார்கள். நம் கரையில் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறந்த நாளிலிருந்தே அது முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனையைத் தவறவிடாதீர்கள். தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சுவரெல்லாம் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கொலுவிருக்கிறார், எதிரே தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் நிற்கிறார்கள். கடற்கரையை ஆண்டவனுக்குத்தான் அந்த மரியாதை.

ஒரு யோசனை சொல்லி முடித்துக்கொள்கிறேன். கீழடி நமக்கு எப்படிக் கிடைத்தது என்று நினைவிருக்கும். 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் குழு வைகையின் இரு கரைகளையும் உற்பத்தியிலிருந்து முகத்துவாரம் வரை நடந்து 293 இடங்களைக் குறித்தது. அந்தப் பட்டியலிலிருந்து எடுத்த இடம்தான் கீழடி. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். இன்று பள்ளிக்கூடப் பேருந்துகள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் எல்லாப் பேருந்தும் அங்கேயே திரும்பிவிடுகிறது. ஆற்றில் பாதியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ராமநாதபுரத்தில் நாவாய் அருங்காட்சியகம் அமையும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருக்கிறது. நல்ல செய்தி. அது கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். காலையில் கீழடி, மதியம் ராமநாதபுரம், மாலை ஆற்றங்கரை. ஒரே நாளில் முடியும். மாணவர்களுக்கு நீரோட்டத்தின் வழியாகவே வரலாறு புரியும், ஆசிரியர் தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. அழகன்குளத்தில் ஒரே ஒரு பெயர்ப்பலகையை நல்ல தமிழில் வைத்து, நற்றிணை 258 என்று எண்ணை மட்டும் எழுதினால்கூடப் போதும். தேடிப் படிக்கிறவன் படித்துக்கொள்வான்.

போகிறவர்களுக்குக் கடைசியாக ஓர் எச்சரிக்கை. ராமநாதபுரத்தில் கருவாடு நன்றாக இருக்கும். வாங்கினால் இரண்டு மூன்று சாக்குப்பையில் இறுக்கிக் கட்டுங்கள். குளிர்சாதனப் பேருந்தில் ஏறினால் பரமக்குடி வருவதற்குள் நடத்துனர் உங்களைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார். தொண்டியிலிருந்து அகிலும் சந்தனமும் வந்த காலம் வேறு.

நேரம் இருக்கிறது என்கிறார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள்.